உயர்தரத்தில் ஒரு பாடம் போய்விட்டதா? தாதியாக விரும்புபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பெறுபேறு வந்த அன்று இரவு எங்கள் வீட்டு முன்விறாந்தையில் லைட் போடவில்லை. போட நான் விடவில்லை. உயிரியல் பி, பௌதிகவியல் எஸ், இரசாயனவியல் எஃப். போனில் அந்த மூன்று எழுத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாமி வந்து நின்று, "பிள்ளைக்கு ரிசல்ட் என்னவாம்?" என்று கேட்டார். "இன்னும் பார்க்கேல்லை" என்று அம்மா சொன்னது எனக்குக் கேட்டது. எனக்காக அம்மா பொய் சொல்ல வேண்டி வந்ததுதான் எஃப்பை விடக் கூடுதலாக வலித்தது.

இப்போது நான் தாதி. வார்டில் என்னை "மிஸ்ஸி" என்று கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பெறுபேறு வெளியானதும் யாராவது ஒரு பிள்ளை, இல்லாவிட்டால் பிள்ளையின் தாய், என்னைத் தேடி வருவார்கள். அவர்கள் செய்யப் போவதாகச் சொல்லும் பிழைகளில் பாதி நான் ஏற்கெனவே செய்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளின் மூன்று வருட டிப்ளோமாவுக்குச் சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும். யாழ்ப்பாணத்திலும் அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது. யாழ் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பும் உண்டு. எந்த வழியால் போனாலும் உயர்தர விஞ்ஞானப் பாடங்களில் சித்தி வேண்டும். ஆகக் குறைந்த சித்தியான எஸ் எடுப்பதற்கு 35 புள்ளி வேண்டும். 34 வந்தாலும் எஃப்தான், 12 வந்தாலும் எஃப்தான். பெறுபேற்றுத் தாள் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் காட்டாது. அதனால் எஃப் எடுத்த எல்லாரும் தங்களை 12 எடுத்தவர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த இரவிலேயே முடிவெடுப்பது

"நான் இனி எழுத மாட்டன்", "ஆர்ட்ஸுக்கு மாறுறன்", "வெளிநாட்டுக்குப் போறன்." இவை எல்லாம் பெறுபேறு வந்து இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் சொல்லப்படுகிற முடிவுகள். நானும் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு பிள்ளையின் பெறுபேறு அந்த வீட்டோடு நிற்பதில்லை. ரியூட்டறி வாசலில் படத்தோடு பனர் கட்டுவார்கள், உறவினர் கனடாவில் இருந்து போன் எடுப்பார்கள், கோயிலடியில் கேட்பார்கள். அந்தச் சத்தம் அடங்க ஒரு கிழமை, இரண்டு கிழமை ஆகும். அதுவரை எந்த முடிவும் வேண்டாம். சாப்பிடுங்கள், நித்திரை கொள்ளுங்கள், வீட்டில் ஒருவருக்காவது உண்மையான பெறுபேற்றைச் சொல்லுங்கள். எல்லாருக்கும் சொல்லத் தேவையில்லை, ஒருவர் போதும். நான் சின்னம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கிழமையில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை எடுக்காதீர்கள். பிள்ளை அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தால், சாப்பாட்டை வெறுத்தால், "நான் இருந்து என்ன" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அதைக் கோபத்தில் சொன்னதென்று தள்ளிவிட வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பிள்ளையும் எடுக்கலாம், நீங்களும் எடுக்கலாம். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒருத்தியாகச் சொல்கிறேன், இந்த விஷயத்தில் அவசரப்பட்டு உதவி கேட்டவர்களை நான் ஒருநாளும் குறை நினைத்ததில்லை.

மீள்திருத்தத்தை நம்பிக் காத்திருப்பது

பெறுபேறு வந்தபின் விடைத்தாளை மீளப் பரிசீலிக்கப் பரீட்சைத் திணைக்களம் விண்ணப்பம் கோரும். அதற்கு முடிவுத் திகதி உண்டு. அழுது முடிந்து நிமிரும்போது திகதி போய்விட்டது என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதியது நன்றாக இருந்தது என்று உண்மையிலேயே தோன்றினால் போட்டுவிடுங்கள். ஆனால் அதன் முடிவு வரும் வரை புத்தகத்தை மூடி வைப்பதுதான் பெரிய நட்டம். மாறினால் சந்தோஷம். மாறாவிட்டால் அந்த மாதங்களை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

போன பாடத்தை மட்டும் படிப்பது

நான் விட்ட பெரிய பிழைகளில் இது ஒன்று. இரசாயனவியல்தானே போனது என்று மற்ற இரண்டு கொப்பிகளையும் கட்டி மேசைக்கடியில் வைத்துவிட்டேன். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். அதாவது திரும்ப எழுதும்போது மூன்றையும் திரும்ப எழுதுகிறோம். போன தடவை எடுத்த உயிரியல் பி அடுத்த தடவைக்குச் செல்லாது. இரண்டாம் முறை இரசாயனவியலைப் பிடித்துவிட்டுப் பௌதிகவியலைக் கைவிட்டு வந்து நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும். எஸ்ஸில் தப்பிய பாடம்தான் அப்படி நழுவும். நான் மாசியில் அந்தக் கட்டைத் திரும்ப அவிழ்த்தேன். கிழமையில் மூன்று நாள் இரசாயனவியல், இரண்டு நாள் பௌதிகவியல், ஒரு நாள் உயிரியல் என்று பிரித்தேன். இந்தக் கணக்கு உங்களுக்கு வேறாக இருக்கலாம். ஆனால் எந்தப் பாடத்துக்கும் பூச்சியம் போடாதீர்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் எழுதலாம் என்பதையும் மறக்க வேண்டாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுபவர்கள் தாங்களேதான் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிக்கூடம் நினைவுபடுத்தாது. அந்த விண்ணப்பத்தின் முடிவுத் திகதியைச் சுவர்க் கலண்டரில் எழுதி வையுங்கள்.

எங்கே பிழைத்தது என்று பார்க்காமல் முதலில் இருந்து தொடங்குவது

ஒரு பாடம் போனால் எங்கள் வீடுகளில் முதலில் நடப்பது ரியூசன் மாற்றுவது. புது சேர், புது நோட்ஸ், முதலாம் அலகில் இருந்து திரும்பவும் கொப்பி எழுதுவது. கை நோக எழுதுவதால் படிக்கிற மாதிரியே இருக்கும். எனக்கும் அப்படித்தான் நாலு மாதம் போனது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குச் சைக்கிளில் போய் வந்து, அணுக்கட்டமைப்பை மூன்றாம் தடவையாக எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு அணுக்கட்டமைப்பு முதலிலேயே தெரியும்.

மாற்றம் வந்தது ஒரு சனிக்கிழமை. யாழ் பொது நூலகத்தில் இருந்து ஒரு பழைய இரசாயனவியல் வினாத்தாளை நேரம் வைத்து முழுதாக எழுதினேன். பிறகு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பேனாவால் நானே திருத்தினேன். சேதன இரசாயனம்தான் என்னை விழுத்துகிறது என்று அதுவரை எல்லாரிடமும் சொல்லிவந்தேன். சேதனத்தில் ஓரளவு புள்ளி வந்திருந்தது. போனது, ஒரு கரைசலின் செறிவை இன்னொரு கரைசலால் அளக்கும் நியமிப்புக் கணக்கில். அளவி என்ற கண்ணாடிக் குழாயில் இருந்து இறங்கிய கனவளவு 25 கன சென்ரிமீற்றர், செறிவு கன தெசிமீற்றருக்கு 0.1 மூல். நான் இரண்டையும் அப்படியே பெருக்கி 2.5 மூல் என்று எழுதியிருந்தேன். ஒரு கன தெசிமீற்றரில் ஆயிரம் கன சென்ரிமீற்றர் இருக்கிறது, நான் ஆயிரத்தால் பிரிக்கவில்லை. சரியான விடை 0.0025. அந்த ஒரு பிழை மேலே வந்ததால் அதற்குக் கீழே இருந்த மூன்று பகுதியும் சாய்ந்து கிடந்தன. அடுத்த வினாத்தாளைத் திருத்தினேன், அதிலும் ஆயிரம். அதற்கடுத்ததிலும் ஆயிரம். ஒன்றரை வருடமாக ஒரே பிழையைத்தான் செய்துவந்திருக்கிறேன், எந்த வகுப்பிலும் அது வெளியே வரவில்லை. முந்நூறு பேர் இருக்கிற வகுப்பில் எப்படி வரும்?

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த ஆயிரம் இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. கிராம், மில்லிகிராம், மைக்ரோகிராம், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆயிரம். மருந்து எடுக்கும்போது அந்த ஆயிரத்தைத் தவறவிட்டால் புள்ளியோடு முடியாது, கட்டிலில் கிடப்பவரைத்தான் பாதிக்கும். நாங்கள் ஏற்றும் சேலைன் போத்தலை எடுத்துப் பாருங்கள். 0.9 வீதம் என்றால் ஒரு லீற்றரில் 9 கிராம் சோடியம் குளோரைட்டு. அதை ஒரு மூலின் திணிவான 58.5 ஆல் பிரித்தால் 0.154 மூல். போத்தலின் மேலே 154 மில்லிமூல் என்று அச்சடித்திருப்பது அதுதான். "தாதிக்கு உயிரியல் போதும், கெமிஸ்ட்ரி எதுக்கு?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் இந்தப் போத்தலைத்தான் காட்டுகிறேன்.

ஆகவே புது நோட்ஸ் எழுத முன்னம் மூன்று பழைய வினாத்தாள்களை எழுதித் திருத்துங்கள். புள்ளித்திட்டத்தோடு திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கையும் கிடைத்தால் எடுங்கள். மாணவர்கள் எந்த வினாவில் எப்படிப் பிழை விட்டார்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சைத் தாள்களும் எங்கள் பிள்ளைகளிடம் கட்டுக்கட்டாக இருக்கும். அவற்றைச் செய்யாமல் சேர்த்து மட்டும் வைத்திருப்பதும் ஒரு பிழைதான்.

கல்குலேற்றர்

சின்ன விஷயம், ஆனால் ஆளை விழுத்தும். உயர்தர இரசாயனவியல் வினாத்தாளுக்குக் கல்குலேற்றர் கொண்டுபோக முடியாது. வீட்டில் போனில் தட்டித் தட்டிப் பழகியவர்கள் மண்டபத்தில் 0.0025-ஐ 0.04 ஆல் பிரிக்க ஐந்து நிமிடம் எடுக்கிறார்கள். பல்தேர்வு 50 வினாவுக்கும் இரண்டு மணித்தியாலம், ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட முழுதாக இல்லை. வீட்டிலும் கையாலேயே செய்யுங்கள். பிறகு வார்டில் 500 மில்லிலீற்றரை நாலு மணித்தியாலத்தில் ஏற்று என்று சொன்னால், மில்லிலீற்றருக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு என்று மனதிலேயே வரும். அதோடு பல்தேர்வில் எந்த வினாவையும் வெறுமையாக விடாதீர்கள்.

தமிழில் படித்ததைக் குறை சொல்வது

"இங்கிலிஸ் மீடியம் எண்டால் பாஸ் பண்ணியிருப்பன்" என்று சொல்லி, இரண்டாம் தடவைக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஆங்கிலப் புத்தகத்துக்குத் தாவியவர்கள் இருக்கிறார்கள். பட்டப்படிப்புக்குப் போனால் ஆங்கிலம் வேண்டும், உண்மை. அதற்கு ஆங்கிலத்தைத் தனியாகப் படியுங்கள். பரீட்சைக்கு நடுவில் மொழியை மாற்றினால் நியமிப்பு என்ற சொல்லையும் இழந்து, அதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லும் கைக்கு வராமல் நிற்பீர்கள். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கற்பித்தார், அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். மானிப்பாயில் அவர் பெயரில் இன்றும் ஆஸ்பத்திரி நிற்கிறது. விஞ்ஞானம் தமிழில் புரியாது என்ற எண்ணத்தை இந்த மண்ணில் இருந்துகொண்டு சொல்லக் கூடாது என்பது என் பிடிவாதம்.

மழைக்கு நாள் விடாமல் திட்டம் போடுவதும் வேண்டாம். 2024 நவம்பரில் பரீட்சை தொடங்கிய கையோடு மழை வெள்ளத்தால் சில நாள் நிறுத்தப்பட்டது. கடைசி மாதத்துக்கென்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

காசு கட்டி உடனே தாதியாகும் வழி

இதுதான் இப்போது எனக்கு அதிகம் கவலை தருகிறது. பெறுபேறு வந்த கிழமையே, ஆறு மாதத்தில் தாதி, உயர்தரம் தேவையில்லை, வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று விளம்பரங்கள் வந்துவிடும். சங்கிலியை அடகு வைத்துக் காசு கட்டிய ஒரு தாய் என்னிடம் வந்தார். மகளின் சான்றிதழைக் கொண்டு எந்த அரசாங்க ஆஸ்பத்திரியிலும் தாதியாகச் சேர முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டி வந்தது. அவர் நம்பவில்லை. சான்றிதழை மடித்து மறுபடி பையில் வைத்தார், பிறகு எடுத்து, மறுபக்கமும் ஒருதரம் பார்க்கச் சொன்னார்.

பராமரிப்பாளர் பயிற்சியும் தாதி உதவியாளர் பயிற்சியும் கெட்டவை இல்லை. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு செய்தால் அது மரியாதையான வேலை. நோயாளியோடு பழகிப் பார்க்கவும் அது நல்ல இடம், அந்தப் படிப்போடு உயர்தரத்தைத் திரும்ப எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பயிற்சி வேறு, தாதிப் பயிற்சி வேறு. பணம் கட்ட முன்னம் நேரே போய் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்பை முடித்தால் இலங்கை மருத்துவ தாதியர் பேரவையில் தாதியாகப் பதியலாமோ?" ஓம் என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், முன்பு முடித்தவர்களில் பதிவு பெற்ற இரண்டு பேரோடு பேச வழி கேளுங்கள். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால், விண்ணப்பப் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.