சிறைக்குள் தடுப்பூசி போடப் போகும் செவிலியர்களுக்கு

ஈரோடு, திருப்பூர் பக்கத்துக் கிளைச்சிறைகளுக்கு ஊசி முகாமுக்குப் போகிற தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஹெபடைடிஸ் பி, ரத்தம் வழியே பரவிக் கல்லீரலைக் கெடுக்கும் கிருமி. ஒரே பிளேடில் நாலு பேர் சவரம் செய்துகொள்ளும் இடம் அது. ஊசி நூலை வைத்துப் பச்சை குத்திக்கொள்வார்கள். அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கும். மூன்று ஊசி போட வேண்டும்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். கிளைச்சிறையில் இருப்பவர்களோ பெரும்பாலும் விசாரணைக் கைதிகள். 15 நாளுக்கு ஒருமுறை ரிமாண்ட் நீட்டிப்பு. நடுவில் ஜாமீன் வந்தால் அன்று சாயந்தரமே போய்விடுவார்கள். மூன்றாவது ஊசிக்கு அந்த ஆள் எங்கே இருப்பார் என்று முதல் ஊசி போடும்போதே யோசித்தாக வேண்டும்.

ஒரு பனியன் கம்பெனிப் பையன் கையை நீட்டவே மாட்டேன் என்றான். "எதுக்குங் நர்ஸம்மா, ரெண்டு நாள்ல ஜாமீன் கெடச்சுருமுங்." "கெடைக்கட்டும் சாமி. மிச்ச ரெண்டையும் வெளிய போய்ப் போட்டுக்கலாம், சீட்டு எழுதித் தர்றேன்" என்றேன். போட்டுக்கொண்டான். வற்புறுத்தக் கூடாது, அங்கே அடைபட்டிருப்பவருக்கும் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு.

அந்தச் சீட்டில் சிறை முத்திரை இருக்கக் கூடாது. இருந்தால் அதை எந்த ஆஸ்பத்திரியிலும் நீட்ட மாட்டார்கள், கிழித்துப் போடுவார்கள். சாதாரணத் தடுப்பூசி அட்டையிலேயே பெயர், போட்ட தேதி, அடுத்த தேதி, மருந்தின் பேட்ச் எண் எழுதுங்கள். அவர் ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் பெரியவர்களுக்கான மருந்து இருப்பு உண்டா என்று போனில் கேட்டுவிட்டு அதன் பெயரையும் சேருங்கள். இரண்டு பிரதி வேண்டும். ஒன்று அவர் கையில். இன்னொன்று, உள்ளே வரும்போது வாங்கி வைத்த பர்ஸ், செல்போனோடு கேட்டில் இருக்கட்டும். விடுதலையாகும்போது பொருளோடு சேர்ந்து போகும். மனு போட்டுக் கைதியைப் பார்க்க அம்மாவோ மனைவியோ வந்தால், அந்தக் கைதி சம்மதித்தால் மட்டும், அவர்களிடமும் தேதியைச் சொல்லுங்கள்.

தேதி தவறி வந்தாலும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சீக்கிரம் வெளியே போகிறவர் என்றால் 0, 7, 21-ஆம் நாள் என்று போட்டு, 12-ஆம் மாதம் நாலாவது ஊசி போடும் முறையும் உண்டு. மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலுக்குப் பயந்து ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பெட்டியில் அடுக்கிவிடாதீர்கள். இந்த மருந்து உறைந்தால் வீண். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, காதோரம் ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற பதத்தில் அடுக்குங்கள். கேட்டில் சோதனை போடுவார்கள். பெட்டியை ரொம்ப நேரம் திறந்து வைக்கக் கூடாது என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். சிரிஞ்சுகளை எண்ணி உள்ளே கொண்டு போங்கள், அதே எண்ணிக்கையைக் காட்டி வெளியே வாருங்கள்.

கைதிகளை அறைக்குள் பூட்டும் லாக்கப் நேரத்துக்குச் சற்று முன் யாருக்கும் போடாதீர்கள். அரை மணி நேரம் கண் பார்வையில் உட்கார வைக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வருபவரைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

வரிசையில் நிற்பவரிடம் இருமலையும் கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டியிருந்தால் காசநோயா என்று பார்க்க அன்றே சளிப் பரிசோதனைக்கு எழுதுங்கள். அம்மை கண்டால் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தனி அறை. சிறைக் காவலர்களான வார்டர்களையும் விட்டுவிடாதீர்கள். அதே காற்றைச் சுவாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள்.

கோவை மத்திய சிறைக்கு யாரையாவது மாற்றினால், அங்குள்ள சிறை மருத்துவமனைக்கு அன்றைக்கே போன் போட்டு, எத்தனையாவது ஊசி பாக்கி, எந்தத் தேதி என்று சொல்லி எழுதிக்கொள்ளச் செய்யுங்கள்.