கார் இன்சூரன்ஸ்: எதற்கு எவ்வளவு எடுப்பது, எதை விட்டுவிடலாம்

ரின்யூவல் நேரத்தில் பெரும்பாலானோர் பார்ப்பது கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும்தான். வேறொரு கம்பெனியில் இரண்டாயிரம் ரூபாய் குறைவு என்றால் உடனே மாறிவிடுகிறார்கள். எங்கே குறைந்தது என்று தேடினால், ஐ.டி.வி. (கார் முழுதும் போனால் கிடைக்கும் உச்சத் தொகை) இறங்கியிருக்கும், அல்லது ஜீரோ டெப் (மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு) காணாமல் போயிருக்கும். விலையை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: எந்த நஷ்டம் வந்தால் கைக்காசில் சமாளிப்பீர்கள், எது வந்தால் முடியாது? முடியாததற்கு முழுசாக எடுங்கள். சமாளிக்க முடிந்ததற்குப் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

தேர்ட் பார்ட்டி: தேர்வு குறைவு, ஆனாலும் கவனியுங்கள்

உங்கள் காரால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கான காப்பீடு இது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவுப்படி கட்டாயம். உங்கள் காரால் ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. எவ்வளவானாலும் கம்பெனி கட்ட வேண்டும். அடுத்தவர் சொத்துக்கு மட்டும்தான் வரம்பு, 7.5 லட்சம் ரூபாய். இதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் சிறு தள்ளுபடி என்று சில படிவங்களில் ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொடாதீர்கள். விலையுயர்ந்த காரின் பின்பக்கம் இடித்தால் 6,000 ரூபாயில் ஒரு விளக்குகூட வராது.

இந்தப் பகுதியின் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் அறிவித்தபடி 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897, ஜி.எஸ்.டி. தனி. எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான் என்பதால் விலை வித்தியாசம் முழுக்க மற்ற பகுதிகளிலிருந்துதான் வரும்.

தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. உங்கள் காருக்குள் உட்கார்ந்து வரும் குடும்பத்தாரும் நண்பர்களும் அந்தப் பாலிசியில் மூன்றாம் நபராகக் கருதப்படுவதில்லை. சட்டக் கட்டாயத்துக்கான பாலிசிக்கும், அதோடு உங்கள் காரின் சொந்தச் சேதத்தையும் சேர்த்த முழுப் பாலிசிக்கும் நீதிமன்றங்கள் காட்டும் பெரிய வேறுபாடு இதுதான். முழுப் பாலிசியில் பயணிகளுக்கான பொறுப்பும் அடங்கும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் சுற்றறிக்கையே அனுப்பியது. காரில் தனியாகப் போகிறவருக்கு இது பெரிதல்ல. வாரம் தவறாமல் ஐந்து பேரை ஏற்றிப் போகிறவருக்கு இதுதான் முதல் கணக்கு.

ஓட்டும் உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடு 15 லட்சம். வேறு பாலிசியில் அதே அளவு விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால் மறுபடி வாங்க வேண்டாம். இரண்டு வண்டி இருந்தாலும் ஒன்று போதும். இது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே. ஆஸ்பத்திரி பில்லுக்கு இதிலிருந்து ஒன்றும் வராது. அதற்கு மருத்துவக் காப்பீடுதான். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் அவருக்கான பொறுப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். செலவு மிகச் சொற்பம்.

ஐ.டி.வி.: இறக்கினால் என்ன ஆகும்

கார் திருடுபோனாலோ மீட்க முடியாதபடி சிதைந்தாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை ஐ.டி.வி. தயாரிப்பாளர் அறிவித்த விலையிலிருந்து தேய்மானம் கழித்து வருவது. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. ஐந்து வருடம் தாண்டினால் நீங்களும் கம்பெனியும் ஒத்துக்கொள்ளும் தொகை. சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இதில் சேராது.

ஆன்லைனில் இந்தத் தொகையை ஒரு வரம்புக்குள் ஏற்றி இறக்க விடுகிறார்கள். அடிமட்டத்தில் வைத்துப் பிரீமியம் குறைவு என்று காட்டுவது வழக்கமான விற்பனை உத்தி. திருட்டு போனால் நஷ்டம் என்பது எல்லாருக்கும் தெரியும், தெரியாதது இன்னொன்று. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழுச் சேதம் என்று முடித்துவிடுவார்கள். 5 லட்சம் பெறும் காருக்கு 4 லட்சம் போட்டிருக்கிறீர்கள், பில் 3.2 லட்சம் வருகிறது என்று வையுங்கள். 4 லட்சத்தில் 75 சதவீதம் 3 லட்சம், எல்லை தாண்டிவிட்டது. சரியாகப் போட்டிருந்தால் எல்லை 3.75 லட்சம், காரைச் சரிசெய்து ஓட்டியிருக்கலாம். இப்போதோ 4 லட்சத்தை வாங்கிக்கொண்டு அதே மாதிரி கார் தேட வேண்டும்.

செய்ய வேண்டியது இது: உங்கள் மாடல், வருடம், ஓடிய கிலோமீட்டருக்கு இன்று என்ன விலை போகிறது என்று பழைய கார் விற்கும் இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள். அதை ஒட்டியே ஐ.டி.வி. வையுங்கள். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ஐ.டி.வி.யைப் போட்டபிறகுதான் பிரீமியத்தை ஒப்பிடுவதில் பொருள் இருக்கிறது.

கடனில் வாங்கிய கார் என்றால் இன்னொரு கணக்கு. முழு இழப்புத் தொகை முதலில் வங்கிக்குப் போகும். 8 லட்சம் ஷோரூம் விலை, சாலைக்கு வந்தபோது 9.2 லட்சம் என்றால், இரண்டாம் வருடத்தில் ஐ.டி.வி. 6.4 லட்சம்தான். 2.8 லட்சம் இடைவெளி. கடன் பாக்கி ஐ.டி.வி.யைவிட அதிகமாக இருக்கும் காலம்வரை ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (ஐ.டி.வி.க்குப் பதில் வாங்கிய விலையைத் தரும் கூடுதல் காப்பீடு) எடுப்பது நியாயமான செலவு. பொதுவாக முதல் மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும்.

ஜீரோ டெப்: ஒரு பில்லைப் போட்டுப் பாருங்கள்

சாதாரண முழுப் பாலிசியில் மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாம் 50 சதவீதம், ஃபைபர் 30, கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வயதுப்படி: நான்கிலிருந்து ஐந்து வருடக் காருக்கு 35 சதவீதம், பத்து வருடம் தாண்டினால் 50.

நாலரை வயதுக் கார், 1200 சி.சி., முன்பக்கம் மோதியது. பம்பர் 12,000, ஹெட்லைட் 14,000, பானட் 9,000, பெயின்டிங் 8,000, கூலி 5,000. மொத்தம் 48,000. பம்பரில் 6,000, ஹெட்லைட்டில் 7,000, பானட்டில் 3,150 கழியும். பெயின்டிங் பில்லில் கால்பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதி, அதாவது 1,000 கழியும். ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே போட வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 (1500 சி.சி.க்கு மேல் 2,000). உங்கள் கையிலிருந்து 18,150. ஜீரோ டெப் இருந்தால் 1,000-உம், ஆயில், நட்டு போல்ட்டு போன்ற சில்லறைப் பொருள்களுக்கான தொகையும்தான்.

இன்றைய கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதனால் ஐந்து வயதுவரை ஜீரோ டெப் எடுப்பதே சரி. வருடத்துக்கு இரண்டு கிளைம்தான் என்று பல பாலிசிகளில் வரம்பு உண்டு, எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்குத் தண்ணீர் தேங்கும் இடத்தில் நிறுத்துகிறவர்களுக்கு இஞ்சின் காப்பீடு அவசியம். வெள்ளத்தில் நனைந்த சீட்டுக்கும் வயரிங்குக்கும் சாதாரணப் பாலிசியே தரும். ஆனால் தண்ணீர் புகுந்த பிறகு சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்ததால் இஞ்சின் கெட்டால், அதை விபத்தாக ஏற்காமல் பின்விளைவு என்று மறுத்துவிடுவார்கள். இந்தக் காப்பீடு இருந்தாலும் ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்வதே நல்லது. மாடியில் நிறுத்தும் காருக்கு இந்தப் பணம் தேவையில்லை. சாவி, டயர் காப்பீடுகள் எல்லாம் கைக்காசில் சமாளிக்கக்கூடியவை, விட்டுவிடலாம்.

போனஸும் தன்விருப்பக் கழிவும்

கிளைம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி ஏறும், இதுதான் போனஸ். ஒரு கிளைம் செய்தால் அது பூஜ்யம். தள்ளுபடிக்கு முன் அந்தப் பிரீமியம் 10,000, இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்று கொள்வோம். கிளைம் செய்தால் அடுத்த ஐந்து ரின்யூவல்களில் 4,500, 3,000, 2,500, 1,500, 500 என 12,000 ரூபாய் தள்ளுபடி போகும். கார் பழசாகப் பிரீமியம் இறங்குவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். எப்படியும் 6,000 ரூபாய் கீறலுக்குக் கிளைம் போடுவது நஷ்டம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போய்விடும்.

'ஒவ்வொரு கிளைமிலும் முதல் 15,000 நானே போட்டுக்கொள்கிறேன்' என்றால் தள்ளுபடி 35 சதவீதம் என்பார்கள். கேட்க நன்றாயிருக்கும். ஆனால் பழைய டாரிஃப் அட்டவணைப்படி அதன் உச்சம் 2,500 ரூபாய்தான். ஒரே ஒரு கிளைமில் போகும் பணத்தை மீட்க ஆறு வருடம் வேண்டும். சின்ன சேதத்துக்குக் கிளைம் போடாமல் இருந்தாலே இதைவிட நல்ல பலன், அதற்குப் படிவம் எதுவும் நிரப்ப வேண்டாம்.

பழைய காரும் கடைசிச் சரிபார்ப்பும்

பத்து வயதைத் தாண்டிய, 1 லட்சம் ரூபாய் பெறும் காரில் பெரும்பாலான பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும். நாளைக்கே அந்தக் கார் போனால் வேறு வாங்கப் பணம் இருக்கிறதா? இருந்தால் சொந்தச் சேதப் பகுதியை விடலாம், பயணிகள் கணக்கைப் பார்த்த பிறகு. இல்லையென்றால், திருட்டுக்கும் முழுச் சேதத்துக்குமாக அதைத் தொடருங்கள். ஜீரோ டெப் அந்த வயதில் கிடைப்பதும் அரிது.

பணம் கட்டுமுன் முன்மொழிவுப் படிவத்தை வரிவரியாகப் பாருங்கள். போன வருடம் கிளைம் செய்துவிட்டு போனஸ் இருப்பதாக ஏஜென்ட் டிக் அடித்திருந்தால், பெரிய கிளைம் வரும்போது பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதிசெய்வார்கள். சொந்தச் சேதத் தொகையே மறுக்கப்படலாம். வெளியில் பொருத்திய சி.என்.ஜி. கிட்டை ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்றியிருக்க வேண்டும். பழைய கார் வாங்கியிருந்தால், தேர்ட் பார்ட்டி தானாக உங்களுக்கு மாறும். சொந்தச் சேதம் மாறாது. 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள். விற்றவரின் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால், அந்த வித்தியாசத் தொகையை அப்போது கட்டச் சொல்வார்கள்.