வீட்டிலேயே எர்த்திங் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெறுங்காலோடு மண்ணிலோ புல்லிலோ நிற்பதையும், மின்சாரம் கடத்தும் விரிப்பு ஒன்றில் படுத்துக்கொண்டு அதை வயர் வழியாகப் பூமியோடு இணைப்பதையும் இன்று எர்த்திங் என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். ஆனால் முதலாவதில் பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவே எதுவும் கிடையாது. இரண்டாவதில் வீட்டின் வயரிங் முழுவதும் நடுவே வந்து நிற்கிறது. ஆரோக்கியத்துக்காக இதைத் தொடங்குபவர்கள் இரண்டையும் ஒன்றாகவே கருதிவிடுகிறார்கள். உடலைப் பூமியோடு இணைப்பது என்பது மருத்துவம் சார்ந்த செயலாவதற்கு முன்பே மின்சாரம் சார்ந்த செயல் என்பதை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

கேபிள் டி.வி. தொழிலில் பல ஆண்டுகள் இருந்த கிளின்ட் ஓபர் என்ற அமெரிக்கர்தான் 1990-களின் இறுதியில் இந்தப் பழக்கத்தைப் பரப்பத் தொடங்கினார். கேபிளின் உலோக உறையைப் பூமியோடு இணைத்தால் சிக்னலில் இரைச்சல் குறையும் என்ற தொழிலறிவை அவர் மனித உடலுக்குப் பொருத்திப் பார்த்தார். அதன் பிறகு விரிப்பு, படுக்கை உறை, மணிக்கட்டுப் பட்டை எனப் பல பொருள்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் வயர், சுவரில் உள்ள சாக்கெட்டின் எர்த் துளையில்தான் போய் முடிகிறது.

எர்த் துளையை நம்பிவிடுவது

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்று துளை சாக்கெட் சுவரில் இருந்தால் அதற்குப் பின்னால் எர்த் இணைப்பும் இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உறவினர் ஒருவர் தம் படுக்கையறையில் இப்படியொரு விரிப்பை மாட்டுவதற்கு முன் என்னை அழைத்துப் பார்க்கச் சொன்னார். மெயினை நிறுத்திவிட்டு சாக்கெட்டின் மூடியைக் கழற்றியபோது, பச்சை நிற வயர் எதிலும் முறுக்கப்படாமல், நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டு, பெட்டியின் மூலையில் மடித்துச் செருகப்பட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குறையே தெரியாத சாக்கெட் அது. அதில் விரிப்பை மாட்டியிருந்தால் பயனும் இருந்திருக்காது, தீங்கும் நேர்ந்திருக்காது. ஆனால் இதைவிட மோசமான நிலைமைகளும் உண்டு. எர்த் முனையும் நியூட்ரலும் உள்ளே ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கலாம். எர்த் வயர் வழியில் எங்கோ அறுந்திருக்க, அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் உள்ள ஏதோ ஒரு சாதனம் பழுதாகி, எர்த் வயருக்கே முழு மின்னழுத்தத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

எர்த் இணைப்பு ஒழுங்காக இருந்தாலும் அதன் வேலை என்ன என்பதை நினைவில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலோ துவைக்கும் இயந்திரத்திலோ ஃபேஸ் வயர் உலோக உடலைத் தொட்டுவிட்டால், அந்த மின்னோட்டத்தைச் சுமந்து சென்று ஃபியூஸையோ பிரேக்கரையோ விழச் செய்வதற்காகவே எர்த் வயர் இருக்கிறது. பிரேக்கர் விழும்வரை உள்ள அந்தச் சிறு பொழுதில் எர்த் வயரிலும், அதோடு இணைந்த அனைத்திலும் மின்னழுத்தம் ஏறும். விரிப்பில் உறங்குபவரும் அந்த இணைப்பில் சேர்ந்தவரே.

இதனால்தான் முறையாகச் செய்யப்பட்ட வயர்களில், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர் வைக்கப்படுகிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். நடுவே ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இருந்தால், எர்த் வயரில் முழு மின்னழுத்தம் ஏறினாலும் உடலில் பாய்வது 0.23 மில்லிஆம்பியரைத் தாண்டாது. ஒரு லட்சம் ஓம் என்றால் 2.3 மில்லிஆம்பியர். இது உணரக்கூடிய அளவு என்றாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது. ரெசிஸ்டர் இல்லாமல் சாதாரணத் தாமிர வயரை ஒரு முனையில் எர்த் பின்னோடும் மறுமுனையில் உலோகத் தகட்டோடும் இணைத்து வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார்கள். வியர்த்த தோல் பெரிய பரப்பில் பட்டுக்கொண்டிருக்கும்போது உடலின் மின்தடை 1,500 ஓம் அளவுக்கு இறங்கினால், அதே 230 வோல்ட்டில் 150 மில்லிஆம்பியர் பாயும். மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டித்து உயிர்காக்கும் கசிவு பிரேக்கர்கள் 30 மில்லிஆம்பியரிலேயே விழும்படி அமைக்கப்படுகின்றன என்பதை வைத்து இந்த எண்ணின் பொருளைப் புரிந்துகொள்ளலாம். ஆகவே, வயரைத் தாமாகச் செய்துகொள்வதை எந்த நிலையிலும் என்னால் பரிந்துரைக்க முடியாது.

மூன்று விளக்குகள் கொண்ட சிறிய சாக்கெட் டெஸ்டரைச் செருகி, விளக்கு சரியாக எரிந்ததும் நிம்மதி அடைவது இதன் தொடர்ச்சியான தவறு. எர்த் அறவே இல்லையென்றால் அந்த டெஸ்டர் சொல்லிவிடும். எர்த்தும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலோ, எர்த்தின் மின்தடை மிக அதிகமாக இருந்தாலோ அது காட்டிக்கொடுக்காது. எலக்ட்ரீஷியன் ஒருவர் உரிய மீட்டரைக் கொண்டு எர்த் இணைப்பை அளந்து சொல்ல வேண்டும். கசிவு பிரேக்கர் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சாக்கெட்டை நம்பாதவர்கள் வேறு வழி தேடிப்போய் வேறு தவறுகளைச் செய்கிறார்கள். தண்ணீர்க் குழாயில் கட்டினால், வெளியே தெரியும் துண்டு மட்டும் உலோகமாகவும் சுவருக்குள் ஓடுவது பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். எரிவாயுக் குழாயை இதற்குத் தொடவே கூடாது. தோட்டத்தில் தனிக் கம்பி அறைந்து ஜன்னல் வழியாக வயரைக் கொண்டுவருவது பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் அந்தக் கம்பியும் வீட்டின் எர்த்தும் எப்போதும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் மின்னல் இறங்கும்போது இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு எழக்கூடும். விரிப்பில் இருந்தபடி உலோக உடல் கொண்ட சாதனம் எதையேனும் தொட்டால் அந்த வேறுபாட்டுக்கு நடுவே நம் உடல் நிற்கும். இடி முழங்கத் தொடங்கியதும் எந்த வகை இணைப்பானாலும் கழற்றிவிட வேண்டும்.

சுருக்கென்ற உணர்வை நல்ல அறிகுறி என்று கொள்வது

விரிப்பில் கால் வைத்தபடி, சார்ஜரில் மாட்டிய மடிக்கணினியின் உலோக மூடியை விரல் நுனியால் மெல்ல வருடினால் சொரசொரவென்று ஒரு அதிர்வு தெரிவதுண்டு. உடலிலிருந்து நச்சு வெளியேறுகிறது, சக்தி பாய்கிறது என்றெல்லாம் இதற்கு விளக்கம் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அது சார்ஜரின் கசிவு மின்னோட்டம். இரண்டு பின் சார்ஜர்களில் இரைச்சலைத் தடுக்க வைக்கப்படும் சிறு கெப்பாசிட்டர் வழியாக மிகக் குறைந்த அளவு மின்னோட்டம் எப்போதும் கசிகிறது. ரப்பர் செருப்போடு இருக்கும்போது அதற்குப் போக வழியில்லை. எர்த்தோடு இணைந்ததும் நம் உடலே அதற்கு வழியாகிவிடுகிறது. நல்ல சார்ஜரில் இந்த அளவு தீங்கற்றது. தரமற்ற சார்ஜரில் அப்படி இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எனவே விரிப்பில் இருக்கும்போது சார்ஜரில் மாட்டிய எந்தச் சாதனத்தையும் கையில் வைத்திருக்கக் கூடாது. மின்போர்வை, மின்சார ஒத்தடப் பை போன்றவற்றோடு சேர்த்துப் படுக்கவே கூடாது. எங்கேனும் சுருக்கென்றால் முதலில் விரிப்பிலிருந்து விலகி, வயரைக் கழற்றி, காரணத்தைத் தேட வேண்டும்.

மல்டிமீட்டர் காட்டும் எண்ணுக்கு மயங்குவது

இந்தப் பொருள்களை விற்பவர்கள் வழக்கமாகச் செய்துகாட்டும் சோதனை ஒன்று உண்டு. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுமுனையை எர்த்தில் வைத்தால் இரண்டு, மூன்று வோல்ட் காட்டும். விரிப்பைத் தொட்டதும் அது சுழியத்தை நெருங்கிவிடும். எண் குறைவது உண்மைதான். ஆனால் மீட்டரின் உள்மின்தடை வழக்கமாகப் பத்து மெகாஓம் என்பதால், மூன்று வோல்ட் என்பது ஒரு மில்லிஆம்பியரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள மின்னோட்டத்தின் அடையாளம். சுவருக்குள் ஓடும் வயரிலிருந்து காற்றின் வழியே உடலுக்கு வந்து சேர்வது அவ்வளவுதான். எர்த்தோடு இணைந்ததும் அந்த மின்னோட்டம் நின்றுவிடுவதில்லை. எளிதான பாதை கிடைத்ததால் சற்றுக் கூடவே செய்கிறது. எண்ணைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, தலைமாட்டில் உள்ள விளக்கின் பிளக்கை உருவிவிட்டாலே போதும்.

பூமியிலிருந்து எலக்ட்ரான்கள் உடலில் ஏறி அழற்சியைத் தணிக்கின்றன என்ற விளக்கத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஏற்றுவிடக் கூடாது. மனித உடலின் மின்தேக்குத் திறன் சுமார் 100 பைக்கோஃபாரட். உடலுக்கும் பூமிக்கும் பத்து வோல்ட் வேறுபாடு இருந்து, இணைத்ததும் அது சமமாகிறது என்று கொண்டால், இடம்பெயரும் எலக்ட்ரான்கள் சுமார் 600 கோடி. கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் உடலில் உள்ள செல்களோ ஏறத்தாழ 30 லட்சம் கோடி. ஐயாயிரம் செல்லுக்கு ஒரு எலக்ட்ரான்கூடச் சரியாகத் தேறாது. உலர்ந்த காற்றில் கதவின் கைப்பிடியைத் தொட்டதும் தெறிக்கும் நிலைமின் பொறி, எர்த்திங் செய்தால் வராது. மின்னணுத் தொழிற்சாலைகளில் ஊழியர்கள் மணிக்கட்டுப் பட்டை அணிவது அதற்காகவே. மறுக்க முடியாத பயன் என்று நான் ஏற்பது அது ஒன்றைத்தான்.

ஆய்வுகள் இல்லையா என்றால், இருக்கின்றன. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் 12 பேர் எட்டு வாரம் எர்த் செய்யப்பட்ட படுக்கையில் உறங்கினார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் சுரப்பின் அன்றாட ஒழுங்கு மேம்பட்டதாக அது கூறியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. இரத்தத்தின் பாகுத்தன்மை குறைந்ததாகக் கூறும் 2013-ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றவர்கள் 10 பேர். அழற்சி பற்றி 2015-இல் வந்த, பலராலும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரையில், அதை எழுதியவர்களில் சிலர் எர்த்திங் ஆய்வுகளுக்கு நிதியளிக்கும் நிறுவனத்தில் தங்களுக்குச் சிறு பங்குரிமை இருப்பதாக அவர்களே தெரிவித்திருக்கிறார்கள். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு நோய்க்கு மருந்தாக இதைச் சொல்வது முறையாகாது.

மாத்திரையைக் குறைப்பது

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்யும் தவறு இதுதான். இரத்த அழுத்தத்துக்கோ தைராய்டுக்கோ மாத்திரை எடுப்பவர், நான்கு நாள் நன்றாக உறங்கியதும் அளவைத் தாமே பாதியாக்கிக்கொள்கிறார். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர் இப்படிச் செய்தால் விளைவு பக்கவாதமாகக்கூட முடியலாம். வீட்டில் எடுக்கும் எந்த முயற்சியையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்; மருந்தின் அளவை மாற்றும் முடிவு அவருடையது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வயருள்ள எந்த விரிப்பையும் அவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

பாதத்தை மறந்துவிடுவது

வயரே வேண்டாம், வெறுங்காலோடு மண்ணில் நடக்கிறேன் என்பவருக்கு மின்சாரத் தொல்லை இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது மண்ணை. மனிதக் கழிவு கலந்த ஈரமான, வெதுவெதுப்பான மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருக்கும். அவை பாதத்தின் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகக் குடலை அடைந்து, அங்கே தங்கி இரத்தத்தை உறிஞ்சி, நாளடைவில் இரத்தசோகையை உண்டாக்கும். நாய், பூனைகளின் கொக்கிப்புழு மனிதக் குடல்வரை போவதில்லை; தோலுக்கடியிலேயே ஊர்ந்து, வளைந்து நெளிந்த சிவப்புக் கோடு போன்ற அரிப்பை ஏற்படுத்தும். எனவே நடக்கும் இடம் கழிவுநீர் சேராததாகவும், விலங்குகள் மலம் கழிக்காததாகவும், அண்மையில் பூச்சிமருந்து தெளிக்கப்படாததாகவும் இருக்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் அதையும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்கால் நடையைத் தவிர்ப்பதே சரி. கண்ணாடிச் சில்லு குத்தியதும் தெரியாது, வெயிலில் காய்ந்த தரை சுட்டதும் தெரியாது; தெரியவரும்போது புண் ஆழமாகியிருக்கும். புல்தரையில் ஒரு நாற்காலி போட்டு, காலணியோடு அமர்ந்து, உள்ளங்கையைப் புல்லில் பதித்துக்கொண்டால் அவர்களுக்கும் பூமியோடு அதே இணைப்புதான் கிடைக்கிறது.

வீட்டுக்குள்ளேதான் செய்ய வேண்டும் என்பவர்களுக்கு, பெயின்ட்டோ மெழுகோ பூசாத வெறும் கான்கிரீட் தரையே நல்ல வழி என்பேன். கான்கிரீட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மின்சாரத்தைக் கடத்தும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசோனாவின் வறண்ட நிலத்தில் வெடிபொருள் கிடங்குகளை மின்னலிலிருந்து காக்க, ஹெர்பர்ட் யூஃபர் என்ற பொறியாளர் கான்கிரீட்டுக்குள் பதித்த கம்பிகளையே எர்த்தாகப் பயன்படுத்தினார். மரம், வினைல், பளபளப்பான டைல்ஸ் ஆகியவற்றின் மேல் மணிக்கணக்கில் நின்றாலும் அந்த இணைப்பு கிடைக்காது. கான்கிரீட் தரையில் வெறுங்காலோடு இருக்கும்போது மின்சாதனங்களைத் தொடக் கூடாது என்ற எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

விரிப்பு வாங்கியவர்கள் பராமரிப்பில் தவறுவதும் உண்டு. வெள்ளி இழை ஓடும் துணியைப் பிளீச்சிலோ துணி மென்மையாக்கும் திரவத்திலோ துவைத்தால் அதன் கடத்துந்திறன் போய்விடும். கை, காலில் எண்ணெயோ லோஷனோ பூசியபடி அதன்மேல் படுப்பதும் அப்படியே.

உண்மையிலேயே பயன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலானோர் விரிப்பை வாங்கிய அதே வாரத்தில் மாலைக் காபியையும் நிறுத்துகிறார்கள், அலைபேசியையும் அடுத்த அறையில் வைக்கிறார்கள், பிறகு தூக்கம் வந்ததற்கு விரிப்பைப் பாராட்டுகிறார்கள். அப்படிச் செய்யாமல், வேறு எதையும் மாற்றாமல், வயரைச் செருகும் வேலையை வீட்டில் உள்ள இன்னொருவரிடம் விட்டுவிடுங்கள். எந்த வாரம் செருகினார், எந்த வாரம் கழற்றி வைத்தார் என்பதை அவர் ஒரு தாளில் எழுதி உங்கள் கண்ணில் படாமல் வைக்கட்டும்; சாக்கெட்டை ஒரு அட்டையால் மறைத்துவிடுங்கள். நீங்கள் தினமும் காலையில் எழுந்ததும், படுத்து எவ்வளவு நேரம் கழித்து உறங்கினீர்கள், இரவில் எத்தனை முறை விழித்தீர்கள், வலி பத்துக்கு எவ்வளவு என்று மூன்று எண்களை மட்டும் குறித்து வாருங்கள். எட்டு வாரம் முடிந்த பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.