மீத்தேனின் 109.5 டிகிரி: இரண்டு வெக்டர்களுக்கு இடையே கோணம் காண்பது எப்படி?

மீத்தேனில் இரண்டு பிணைப்புகளுக்கு நடுவே உள்ள கோணம் 109.5 டிகிரி என்று வேதியியலில் மனப்பாடம் செய்திருப்போம். போன மாதம் தங்கை மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது, "அந்த அரை எங்கேயிருந்து வந்தது மாமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். முதலில் வந்த விடை 60. அது ஏன் என்று பிடிபட ஒரு மாலை முழுக்க ஆனது, அதனால் அந்த இடத்தை நிதானமாகவே சொல்கிறேன்.

சூத்திரம் உங்களுக்குத் தெரிந்ததுதான்:

கொசைன்(கோணம்) = (அ · ஆ) ÷ (|அ| × |ஆ|)

இதில் அ, ஆ இரண்டும் வெக்டர்கள், அதாவது அம்புகள். அ · ஆ என்பது புள்ளிப் பெருக்கல்: இரண்டிலும் ஒரே இடத்தில் உள்ள எண்களைப் பெருக்கிக் கூட்டுவது. |அ|, |ஆ| என்பவை எண்ணளவுகள், அதாவது அம்புகளின் நீளம்.

படம் போடுங்கள்

2 அலகு பக்கமுள்ள ஒரு கனசதுரம். அதன் நடுவில் கார்பன்: (1, 1, 1). ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு மூலைகளில் ஹைட்ரஜன்கள்: (0, 0, 0), (2, 2, 0), (2, 0, 2), (0, 2, 2). படத்தைத் தாளில் பென்சிலால் போடுவதே நல்லது. திரையில் சுழற்றிப் பார்ப்பது அழகாக இருக்கும், ஆனால் அம்பு எங்கே தொடங்குகிறது என்பது கையால் வரைந்தால்தான் மனதில் நிற்கிறது.

வெக்டர்களை எடுங்கள் (இங்கேதான் தவறு நடக்கும்)

நான் செய்தது இது: (2, 2, 0), (2, 0, 2) இரண்டையும் அப்படியே வெக்டர்களாக எடுத்துப் பெருக்கினேன். 4 ÷ 8 = 0.5, கோணம் 60. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அந்த இரண்டு அம்புகளும் (0, 0, 0) இல் இருக்கும் ஹைட்ரஜனிலிருந்து கிளம்புகின்றன. மூன்று ஹைட்ரஜன்கள் சேர்ந்த சமபக்க முக்கோணத்தின் கோணத்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன்!

நமக்கு வேண்டிய கோணம் கார்பனில் இருக்கிறது. ஆகவே இரண்டு அம்புகளின் வாலும் கார்பனில் இருக்க வேண்டும். ஹைட்ரஜனின் புள்ளியிலிருந்து கார்பனின் புள்ளியைக் கழியுங்கள்:

அ = (0, 0, 0) − (1, 1, 1) = (−1, −1, −1)
ஆ = (2, 2, 0) − (1, 1, 1) = (1, 1, −1)

ஒன்றை மட்டும் தலைகீழாகக் கழித்துவிட்டால் 70.53 வரும். அது சரியான கோணத்தை 180-இல் கழித்தால் கிடைப்பது. பார்க்க நம்பும்படி இருப்பதால் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது.

பெருக்குங்கள், வகுங்கள்

அ · ஆ = −1 − 1 + 1 = −1. எண்ணளவு இரண்டுக்கும் √3. ஆக, கொசைன் = −1/3. குறை எண் வந்தால் விரிகோணம். கால்குலேட்டரைத் தொடும் முன்பே 90-ஐ விடப் பெரியது என்று தெரிந்துவிடுகிறது பாருங்கள், புள்ளிப் பெருக்கலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

நேர்மாறு கொசைன்

109.47. அந்த அரை இங்கிருந்துதான் வந்தது. உங்களுக்கு 1.91 என்று வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள்.

(தண்ணீரில் இதே கோணம் 104.5 தான். ஆக்சிஜனிடம் இருக்கும் தனி எலக்ட்ரான் இணைகள் பிணைப்புகளை நெருக்கிவிடுகின்றன. வெறும் வடிவியலை வைத்து அதைப் பிடிக்க முடியாது.)

பின்சேர்க்கை: இதைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதிப் பார்த்த ஒருவர், (1, 1, 1)-ஐ அதனுடனேயே ஒப்பிட்டால் 0 வராமல் பிழைச் செய்தி வருகிறது என்று கருத்தில் சொல்லியிருந்தார். நானும் ஓட்டிப் பார்த்தேன், உண்மைதான். √3 × √3 என்பது கணினிக்கு 2.9999999999999996. 3-ஐ அதனால் வகுத்தால் 1.0000000000000002. கொசைன் 1-ஐத் தாண்டக் கூடாது என்பதால் நேர்மாறு கொசைன் மறுத்துவிடுகிறது. வகுத்த கையோடு, விடை 1-க்கு மேல் போனால் 1 என்றும், −1-க்குக் கீழே போனால் −1 என்றும் மாற்ற ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.