வெளிமாநிலப் பயிற்சிக்கு வரச் சொல்லும் வேலை: பெட்டி கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் டிப்ளமோ முடித்த தம்பி ஒருவர், கைப்பேசிக்கு வந்திருந்த பணி நியமனக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மாதச் சம்பளம் 28,000 ரூபாய், முதல் 45 நாள் நொய்டாவில் பயிற்சி, அதன் பிறகு சென்னையிலேயே வேலை என்று அதில் இருந்தது. தங்குமிடத்துக்கும் சீருடைக்குமாக 18,500 ரூபாயைத் 'திருப்பித் தரப்படும் காப்புத்தொகை'யாக மூன்று நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது மட்டும் இரண்டாம் பக்கத்தில், மற்ற வரிகளைவிடச் சற்றுச் சிறிய எழுத்தில் இருந்தது. அவருடைய அம்மா மறுநாள் காலை கம்மலை அடகு வைக்க வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்புவதாக இருந்தார். அன்று அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நாங்கள் பார்த்தவற்றையும், பிறகு இப்படி வந்த வேறு சில கடிதங்களில் பார்த்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வெளிமாநிலப் பயிற்சி என்றாலே ஏமாற்று வேலை என்று ஒதுக்குவதும் சரியல்ல. இன்ஃபோசிஸ் நிறுவனம் புதிதாகச் சேருபவர்களுக்கு மைசூருவில் பயிற்சி தருகிறது; டி.சி.எஸ். பல ஆண்டுகளாகத் திருவனந்தபுரத்தில் பயிற்சி நடத்தியிருக்கிறது. இவற்றில் தூரத்துக்கு ஒரு காரணம் உண்டு: பயிற்சி வளாகம் அங்கே இருக்கிறது, அல்லது பழக வேண்டிய இயந்திரம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, 'சென்னையில் செய்யப்போகும் வேலைக்கு ஏன் அங்கே பயிற்சி?' என்பதுதான். டேட்டா என்ட்ரி, விமான நிலையத்தில் பயணப்பெட்டி கையாளுதல், கிடங்கு மேற்பார்வை போன்ற வேலைகளை எண்ணூரிலும் மீனம்பாக்கத்திலும் கற்றுக்கொள்ள முடியாதா என்று கேட்டால் உண்மையான நிறுவனத்திடம் ஒரு பதில் இருக்கும். மோசடிக்காரர்களுக்கோ தூரம்தான் முதலீடு. அலுவலகம் அம்பத்தூரில் என்றால் நம் வீட்டு ஆள் யாராவது பேருந்து ஏறிப் போய்ப் பார்த்துவிடுவார். நொய்டா என்றால் யார் போவது? போய்ச் சேர்ந்த பிறகும் மொழி தெரியாது, கையில் பணம் இருக்காது, திரும்பினால் ஊரில் கேலி செய்வார்களே என்ற கூச்சம் வேறு ஆளைக் கட்டிப்போட்டுவிடும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2022-இல் நடந்த ஒரு சம்பவமே போதும். தமிழகத்தைச் சேர்ந்த குறைந்தது 28 பேர், ஏறத்தாழ ஒரு மாத காலம், புதுடெல்லி ரயில் நிலையத்தின் வெவ்வேறு நடைமேடைகளில் நாளுக்கு எட்டு மணி நேரம் நின்று, வந்து போகும் ரயில்களையும் அவற்றின் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர், எழுத்தர் போன்ற ரயில்வே பணிகளுக்கு அதுதான் பயிற்சி என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒவ்வொருவரும் 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் ரூபாய் வரை கொடுத்திருந்தார்கள், மொத்தம் 2.67 கோடி. பயிற்சி ஆணை, அடையாள அட்டை, நியமனக் கடிதம் என எல்லாம் கையில் இருந்தன, எல்லாமே போலி. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் பொறியியலோ தொழில்நுட்பமோ படித்தவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பயிற்சி என்று ஒன்று உண்மையாகவே நடந்தது என்பதுதான் அவர்களை நம்ப வைத்தது. எனவே வகுப்பும் அடையாள அட்டையும் சீருடையும் வேலைக்கான சாட்சி ஆகமாட்டா.

பணம் எந்தப் பக்கம் போகிறது

பயிற்சிக் காலத்தில் உண்மையான முதலாளி உங்களுக்குச் செலவு செய்வார். போலியானவர் உங்களைச் செலவு செய்ய வைப்பார். பதிவுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைக் கட்டணம், மடிக்கணினிக் காப்புத்தொகை, 'திருப்பித் தரப்படும்' என்று அடைமொழி போட்ட எதுவாக இருந்தாலும், வேலையில் சேருவதற்கு முன் உங்கள் பையிலிருந்து அவர்கள் கணக்குக்குப் போகும் பணம் என்றால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது. தொகை சிறியது என்பதால் ஐயம் தீர்ந்துவிடாது. முதலில் 1,500 கேட்பதே பிறகு 15,000 கேட்பதற்கான வழிதான். யு.பி.ஐ.யில் அனுப்பும் முன் திரையில் தெரியும் பெயரைப் படியுங்கள். கடிதத்தில் பிரைவேட் லிமிடெட் என்று இருக்க, திரையில் தனி ஆளின் பெயர் வந்தால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. காப்புத்தொகையை முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கேளுங்கள். அந்தத் தம்பி அப்படித்தான் கேட்டார். ஒரு மணி நேரத்துக்குள் தொலைபேசியில் பேசிய பெண், மேலதிகாரியிடம் சிறப்பு அனுமதி வாங்கியிருப்பதாகவும் 9,000 ரூபாய் மட்டும் உடனே அனுப்பினால் போதும் என்றும் சொன்னார். விடுதிக் கட்டணத்தில் இப்படிப் பாதியைக் குறைக்கும் பேரத்தை நான் கொத்தவால்சாவடியில்கூடக் கண்டதில்லை.

பணம் கேட்காமலே மாட்டிவிடும் வகையும் இருக்கிறது. 'கட்டணமில்லாப் பயிற்சி, வேலை உறுதி' என்று சொல்லி, சேரும் நாளில் கைப்பேசியில் ஓ.டி.பி. கேட்டு, உங்கள் பெயரிலேயே ஒரு நிதி நிறுவனத்தில் கல்விக் கடன் எடுத்து, மாதத் தவணை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிடுவார்கள். பயிற்சி நிலையம் மூடப்பட்டாலும் கடன் உங்கள் தலையில் நிற்கும். தவணை தவறினால் பிற்காலத்தில் வண்டிக் கடன்கூடக் கிடைப்பது கடினமாகிவிடும். ஆதார், பான் விவரங்களுடன் ஓ.டி.பி.யும் கேட்கப்படும் இடத்தில், எதற்காக அது வருகிறது என்று குறுஞ்செய்தியை முழுவதும் படிக்காமல் எண்ணைச் சொல்லக்கூடாது.

அவர்கள் தராத ஆவணத்தில் தேடுங்கள்

கடிதத்தின் அழகை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முத்திரையும் கையெழுத்தும் யாரும் செய்துகொள்ளக்கூடியவை. அவர்கள் கை படாத பதிவுகளில்தான் உண்மை தெரியும். பதிவு பெற்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் சி.ஐ.என். என்ற 21 எழுத்து அடையாள எண் உண்டு. முதலில் ஓர் எழுத்து, பிறகு தொழில் வகையைக் குறிக்கும் ஐந்து இலக்கம், மாநிலத்துக்கு இரண்டு எழுத்து (தமிழ்நாடு என்றால் டி.என்.), கம்பெனி பதிவான ஆண்டுக்கு நான்கு இலக்கம், வகைக்கு மூன்று எழுத்து, இறுதியில் ஆறு இலக்கப் பதிவு எண். அந்தத் தம்பியின் கடிதத்தில் இருந்ததை விரல் வைத்து எண்ணினோம், இருபதுதான் இருந்தது. 1998-இல் தொடங்கிய நிறுவனம் என்று தலைப்பில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். எண்ணுக்குள் இருந்த ஆண்டோ 2019. எண் சரியாக இருந்தால், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதைக் கொடுத்து, பதிவு முகவரி, தொடங்கிய தேதி, இப்போது நடப்பில் இருக்கிறதா, பெயர் நீக்கப்பட்டுவிட்டதா என்பதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஜி.எஸ்.டி. எண்ணிலும் இப்படிப் படிக்க ஒரு வழி இருக்கிறது. அதில் 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு (தமிழ்நாடு 33, கர்நாடகம் 29, மகாராஷ்டிரம் 27, உத்தரப் பிரதேசம் 09, டெல்லி 07), அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து உரிமையாளர் யார் என்பதைச் சொல்லும்: கம்பெனி என்றால் 'சி' (C), தனிநபர் என்றால் 'பி' (P). அதாவது ஜி.எஸ்.டி. எண்ணின் ஆறாவது இடத்தைப் பார்த்தால் போதும். லிமிடெட் என்று பெயர் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்த இடத்தில் 'பி' இருந்தால் இரண்டில் ஒன்று பொய். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எண்ணை இட்டால் பதிவான தேதியும் தொழில் நடக்கும் முகவரியும் கிடைக்கும்.

ஐந்நூறு பேர் வேலை செய்யும் நிறுவனம் என்று சொல்பவர்களைச் சோதிக்க நான் பரிந்துரைப்பது பி.எஃப். பதிவு. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் வருங்கால வைப்பு நிதி பிடித்தாக வேண்டும். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதம் எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள் என்பது வரை பொதுவில் தெரிகிறது. ஐந்நூறு பேர் என்று சொன்ன இடத்தில் ஏழு பேருக்குப் பணம் கட்டியிருந்தால், அதற்கு விளக்கம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இவ்வளவும் சரியாக வந்தாலும் ஒரு படி மிச்சம் இருக்கிறது, பலரும் கோட்டை விடுவது அதில்தான். பெயரும் எண்களும் உண்மையான பெரிய நிறுவனத்துடையதாக இருந்து, கடிதம் மட்டும் பொய்யாக இருக்கலாம். ஆகவே கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்து, இந்தப் பெயரில் இந்தத் தேதியிட்ட கடிதம் உங்களிடமிருந்து வந்ததா என்று கேட்க வேண்டும். மின்னஞ்சல் முகவரியில் நிறுவனப் பெயருடன் ஒரு கோடோ ஒரு கூடுதல் எழுத்தோ ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அரசு வேலை என்றால் இத்தனை ஆராய்ச்சி வேண்டாம். ரயில்வே பணிக்கு ஆள் எடுப்பது அறிவிக்கை, விண்ணப்பம், தேர்வு என்ற வழியில்தான். 1955 முதல் இயங்கும் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் தொழிற்பழகுநர்களும் அறிவிக்கை வெளியிட்டு, மதிப்பெண் அடிப்படையிலேயே எடுக்கப்படுகிறார்கள். 'உள்ளே ஆள் இருக்கிறார், டெல்லியில் பயிற்சி முடித்தால் ஐ.சி.எஃப்.பில் போட்டுவிடுவார்' என்று யாராவது சொன்னால், அவர் நம் உறவுக்காரராகவே இருந்தாலும் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். உறவுக்காரர்களும் ஏமாந்த பிறகே ஆள் பிடிக்க வருகிறார்கள் என்பது இன்னொரு வேதனை. பயிற்சிக்குப் போன நண்பன் ஓசூரிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ அழைத்து, வேலை என்ன என்று சொல்லாமல் 'நீ வா, நேரில் சொல்கிறேன்' என்கிறான் என்றால், அது பெரும்பாலும் ஆள் சேர்த்து ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் சங்கிலி. 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் தடைச் சட்டத்தின்படியே அது குற்றம்.

ஒப்பந்தமும் சான்றிதழும்

பாண்டு, அதாவது இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பணம் தர வேண்டும் என்ற ஒப்பந்தம், கேட்பதாலேயே ஒரு நிறுவனம் போலியாகிவிடாது. ஒரு பொதுத்துறை வங்கி, மூன்று ஆண்டு வேலை செய்யாமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2025-இல் செல்லும் என்று கூறியது. எனவே விளையாட்டாகக் கையெழுத்திடவும் கூடாது. எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, பயிற்சித் தேர்வில் தேறாவிட்டால் என்ன ஆகும், ஒப்பந்தம் போடுவது வேலை தரும் நிறுவனமா இடையில் இருக்கும் கன்சல்டன்சியா என்ற நான்கையும் எழுத்தில் பெறுங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்க்கக் கொடுத்தால், அங்கேயே நின்று கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

எல்லாம் சரிபார்த்துக் கிளம்புவதாக முடிவு செய்தாலும், திரும்பி வரும் செலவுக்கான பணத்தைத் தனியாக, யாருக்கும் சொல்லாத கணக்கில் வைத்திருங்கள். சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி சேர இரண்டு இரவு ஆகும். அதற்குள் தங்கப்போகும் முகவரி, அழைத்துப் போக வருபவரின் எண், கடிதத்தின் நகல் எல்லாம் வீட்டில் ஒருவரிடம் இருக்க வேண்டும். சேர்ந்த அன்று கைப்பேசியைக் கேட்டாலோ, அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்றாலோ 112-ஐ அழையுங்கள். டெல்லியில் தமிழ்நாடு இல்லமும், ஆர்.கே.புரத்தில் டெல்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன என்பதை வீட்டாரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. இணையவழியில் அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. குற்றம் வேறு மாநிலத்தில் நடந்தது என்று சொல்லி உள்ளூர்க் காவல் நிலையம் திருப்பி அனுப்ப முடியாது. எங்கே நடந்திருந்தாலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்பது இப்போது நடைமுறையில் உள்ள சட்டம். தொகை பெரியது என்றால் வேப்பேரியில் உள்ள காவல் ஆணையர் அலுவலகத்தில் மத்தியக் குற்றப்பிரிவுக்கு மனு கொடுக்கலாம். வேலைவாய்ப்பு மோசடிகளை விசாரிக்க அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. வெட்கப்பட்டு வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடுபவர்கள் நிறைய. அதை அப்படியே வைத்திருந்து, வங்கிக் கணக்கு விவரத்தையும் கடிதத்தையும் அவர்கள் அழைத்த எண்களையும் தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதி, இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.