ஜூன் மாதத்து உள்ளான்: சென்னைக் கோடையில் அரிய பறவை தேடுவது எப்படி

மார்ச் முடிந்ததும் பைனாகுலரைத் துடைத்து அலமாரியில் வைத்துவிடுவது சென்னையில் பறவை பார்ப்பவர்களின் வழக்கம். வலசை வந்தவை போய்விட்டன, இனி அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். எனக்கு ஏப்ரல் கடைசியில்தான் ஆட்டமே சூடு பிடிக்கும். டிசம்பரில் கேளம்பாக்கம் கழிவெளியில் கூட்டம் கூட்டமாக மேயும் உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவை யாருக்கும் செய்தி இல்லை. அதே உள்ளான் ஜூன் 20-ஆம் தேதி தனியாக நின்றால் செய்தி. கோடையில் ஒரு பறவை அரியதா இல்லையா என்பதைப் பாதிக்குப் பாதி நாள்காட்டிதான் முடிவு செய்கிறது. அதனால் பெரிய லென்ஸ் வாங்கும் முன் தேதிகளைப் பழகிக்கொள்ளுங்கள்.

கோடையை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை கிளம்பும் காலம். ஜூன் முழுக்கவும் ஜூலை முதல் பாதியும் தங்கிவிட்டவர்களின் காலம்: போன வருஷம் பிறந்த இளம் கரைப்பறவைகளில் பல, முதல் கோடையில் இனப்பெருக்கத்துக்கு வடக்கே போகாமல் இங்கேயே இருந்துவிடும். ஜூலை கடைசியிலிருந்து திரும்பி வருபவர்களின் காலம்.

கிளம்பும் காலத்தில்தான் பழக்கப்பட்ட கண்ணே தடுமாறும். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாகத் திரிந்த கர்லூ சேண்ட்பைப்பர் என்ற உள்ளான், முகத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறத்துக்கு மாறுகிறது. ஒரே நாளில் இல்லை, திட்டுத்திட்டாக. ஒரு கூட்டத்தை நிதானமாகப் பார்த்தால் ஒன்று முழுச் சிவப்பு, பக்கத்தில் ஒன்று நெஞ்சில் மட்டும் நாலு சிவப்பு இறகு, இன்னொன்றின் சிவப்பு மேல் வெள்ளை ஓரங்கள் இன்னும் தேயாமல் மாவு தூவியது போல. பெண் பறவை சற்று வெளிறியிருக்கும், அலகும் கொஞ்சம் நீளம். சாம்பல் உப்புக்கொத்திக்கு முகம் முதல் வயிறு வரை கறுத்துவிடும். சிறு மணல் உப்புக்கொத்திக்கு மார்பில் செம்பட்டையும் கண்ணில் கறுப்பு முகமூடியும் வந்துவிடும். குளிர்காலப் படங்களை மட்டும் பார்த்துப் பழகியவர் இவற்றை ஏதோ புதுப் பறவை என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். நிறத்தை விட்டுவிட்டு அலகின் வளைவு, காலின் நீளம், பறக்கும்போது தெரியும் வெள்ளைப் பிட்டம் என்று பார்த்தால் ஆள் பிடிபட்டுவிடும்.

இதற்கு நல்ல இடம் கோவளம்–கேளம்பாக்கம் சாலை. அந்தச் சாலை கிழக்கு மேற்காகக் கழிவெளியைக் குறுக்கே கடக்கிறது. கோடையில் சூரியன் நேர்கிழக்குக்கு வடக்கே தள்ளி உதிப்பதால், காலையில் சாலைக்குத் தெற்கே இருக்கும் தண்ணீர்தான் வெளிச்சத்துக்கு வசதி. வடக்கே பார்த்தால் பறவையெல்லாம் கறுப்பு நிழல். மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்குள் இடத்தில் இருக்க வேண்டும். எட்டரைக்கு மேல் கானல் எழுந்துவிடும். ஸ்கோப் என்ற தொலைநோக்கியில் பறவையின் கால் நெளியும், அதற்கப்புறம் அடையாளம் சொல்வதெல்லாம் ஜோசியம். வண்டியை மண் ஓரத்தில் நிறுத்துங்கள், தார்ச்சாலையில் நின்று பார்க்காதீர்கள், லாரிகள் காத்திருக்காது. இங்கே ஏற்றவற்றத்தைவிட முட்டுக்காடு முகத்துவாரம்தான் முக்கியம். அதை மணல் அடைத்துவிட்டால் உள்ளே தண்ணீர் வற்றி, நாளுக்கு நாள் புதுச்சேறு வெளியே வரும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடத்தில்தான் இன்று கூட்டம் மேயும்.

ஜூனில் மணல் திட்டில் ஓடும் சின்ன உப்புக்கொத்தி ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கெண்டிஷ் உப்புக்கொத்தி என்று நாம் எழுதிவந்த பறவைகளில், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிரந்தரமாக வாழ்வதை 2023-இல் ஹனுமான் ப்ளோவர் என்று தனி இனமாகப் பிரித்தார்கள். ராமாயணப் பாலத்தின் இரு கரையிலும் இருக்கிற பறவைக்குப் பொருத்தமான பெயர்தான். ஆணுக்கு அலகுக்கும் கண்ணுக்கும் இடையிலான கருங்கோடு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும், உச்சந்தலையில் செம்மை தெரிவதும் அரிது. கோடையில் இங்கே கூடு கட்டும் பறவையைக் கண்டால் முதலில் இதை நினையுங்கள். அது சிறகு ஒடிந்தது போல இழுத்துக்கொண்டு நடந்தால் முட்டை அருகில்தான் இருக்கிறது என்று அர்த்தம். வந்த காலடித் தடத்திலேயே திரும்பி நடந்துவிடுங்கள். கூட்டின் படமும் வேண்டாம், இடமும் எங்கேயும் போட வேண்டாம். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ரேடியல் ரோட்டு ஓரமே போதும். நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான், அதனால் ஜூன், ஜூலையில் போகாதவர் அதன் அழகைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன். சாயங்கால இடிமழைக்கு மறுநாள் காலை கோரைகளின் ஓரத்தைக் கண்ணால் துழாவுங்கள். வாட்டர்காக் என்ற நீர்ப்பறவையின் ஆண் கறுத்த உடலும் சிவந்த நெற்றியுமாக வெளியே வரலாம். சுடலைக் குயிலைப் பார்த்து மழைக்காலம் வந்துவிட்டது என்று துள்ள வேண்டாம். வட இந்தியாவில்தான் அது மழையோடு வரும் விருந்தாளி, நம் பக்கத்தில் வருஷம் முழுக்க இருக்கும்.

கடற்பறவை வேறு கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையில் கடலிலிருந்து அடிப்பதால் மும்பைக்காரர்களுக்கும் கேரளத்துக்காரர்களுக்கும் ஜூலையில் வேட்டை. நமக்கு அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. ஆகவே வங்கக்கடலில் மே மாதப் புயலோ தாழ்வு மண்டலமோ வந்து, கொண்டல் காற்று கரையை நோக்கி அடித்தால்தான் வாய்ப்பு. காற்று தணிந்த முதல் காலை, எச்சரிக்கை நீங்கியபின் அடையாறு முகத்துவாரத்துக்குப் போங்கள். ஊரூர் குப்பத்தில் வலை உலர்த்துபவரிடம், “அண்ணே, கறுப்பா ஏதாவது ஆலா வந்துச்சா?” என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்; அலையை அவர்கள் பார்க்கும் நேரத்தில் நாம் கால்வாசிகூடப் பார்ப்பதில்லை. முதுகு கருமையான ஆலா என்ற அந்தக் கடற்பறவை கண்ணில் பட்டால் நெற்றியைப் பாருங்கள். வெள்ளை அகலமாக இருந்து கண்ணோடு நின்றுவிட்டால் சூட்டி ஆலா. ஒடுங்கி, கண்ணையும் தாண்டிப் புருவமாக நீண்டால் பிரைடில்டு ஆலா. மணலில் சோர்ந்து கிடப்பதை மறுபடி கடலுக்குள் வீசாதீர்கள், வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள். துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பதிவு. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான ஈ-பேர்டில் மாதத்துக்கு ஏற்றபடி வரம்பு வைத்திருப்பதால், டிசம்பரில் சும்மா ஏற்றுக்கொண்ட பறவைக்கு ஜூனில் விளக்கம் கேட்கும். “நிச்சயம் பார்த்தேன்” என்று எழுதினால் அது விளக்கம் இல்லை. எத்தனை நின்றன, எவ்வளவு தூரம், வெளிச்சம் எந்தப் பக்கம், எந்த இறகு எந்த நிறம், குழப்பக்கூடிய இன்னொரு இனத்தை ஏன் தள்ளினீர்கள் என்று எழுதுங்கள். இறகு தேய்ந்து சாம்பலாக இருந்ததா, மங்கிய சிவப்பா என்பதைக் கட்டாயம் குறியுங்கள். ஜூனில் தேய்ந்த சாம்பல் என்றால் அநேகமாகத் தங்கிவிட்ட இளசு. ஜூலை முடிவில் மங்கிய சிவப்போடு வரும் கர்லூ சேண்ட்பைப்பர் சைபீரியாவிலிருந்து திரும்பிய பெரியது, அதிலும் பெரும்பாலும் ஆண். அடைகாப்பதில் அவருக்குப் பங்கில்லை, அதனால் முதல் ஆளாகக் கிளம்பி வந்துவிடுவார்.