ஆற்றங்கரைக் காட்டைச் 'சுத்தம்' செய்யாதீர்கள்

ஆற்றங்கரையில் மரமும் கொடியும் புதருமாகப் பின்னிக் கிடந்தால் அதை வெட்டிச் சீராக்கத்தான் பலருக்கும் தோன்றும். கரையோரக் காடுகளுக்கு நல்லெண்ணத்தோடு நடக்கும் கெடுதல் இதுதான். புதரின் வேர்கள்தான் மேல்மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. வயலிலிருந்து வழியும் சேற்றையும் உரத்தையும் ஆற்றில் கலக்கவிடாமல் வடிகட்டுகின்றன.

ஆற்றில் விழுந்த மரத்தை எடுப்பது இன்னொரு தவறு. அமெரிக்காவின் வடமேற்கில் 1950 முதல் 1970கள் வரை, சால்மன் மீன்களுக்கு வழி விடுவதாக நினைத்து ஓடைகளில் கிடந்த மரங்களை அகற்றினார்கள். தடுக்க ஆளில்லாத தண்ணீர் வேகமெடுத்துக் கூழாங்கற்களை அடித்துக்கொண்டு போனது. மீன் முட்டையிட இடமில்லை, குஞ்சுகள் ஒதுங்க மடுவும் இல்லை. அப்புறம் செலவு செய்து கட்டைகளைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

உதிர்ந்த இலையும் குப்பை இல்லை. நிழலான ஓடையில் ஊறிக் கிடக்கும் இலைக்கொத்து ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சில இலைகளில் நரம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். இலைத் துணுக்குகளைத் தன் பட்டு இழையால் ஒட்டிக் குழாய்போல் கூடு செய்து, அதற்குள் இருந்தபடியே நகரும் சிறு புழுக்களும் தென்படலாம். மீனுக்கு இரை இங்கேதான் உருவாகிறது.

நிழலும் அப்படித்தான். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். கரை மரத்தை வெட்டினால் கோடையில் மீனுக்கு மூச்சு முட்டும்.

சரி, மரம் நட்டுவிடலாம் என்று ஒரே இனத்தை ஒற்றை வரிசையில் நடுவதும் பலன் தராது. ஈரத்தில் நிற்கக்கூடியவை தண்ணீரை ஒட்டியும், மற்றவை மேட்டிலும் வர வேண்டும். மரத்தடியில் செடியும் புல்லும் வேண்டும். எல்லாம் அந்த மண்ணுக்கே உரியவையாக இருக்கட்டும்.

வெள்ளத்தைப் பகையாக நினைத்துக் கரைக்குச் சுவர் எழுப்புவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. வெள்ளம் புதிதாகப் போட்டுவிட்டுப் போகும் ஈர வண்டலில்தான் பாப்லர் போன்ற மரங்களின் விதை முளைக்கும். அந்த விதைக்கு ஆயுள் சில வாரங்களே. வெள்ளம் வராத கரையில் கிழட்டு மரங்கள் நிற்கும், கன்றுகள் இருக்காது.

பெரிய ஆற்றை மட்டும் பார்த்துவிட்டுச் சிற்றோடைகளை விட்டுவிடாதீர்கள். ஆற்று வலையின் நீளத்தில் பெரும்பகுதி அவைதான். நட்ட இடத்தில் மாடு மேய்ந்தால் ஒரு கன்றும் மிஞ்சாது. வேலி போட்டு, மாடு தண்ணீர் குடிக்க ஒரே ஒரு இறக்கம் மட்டும் விடுங்கள்.